கடலோரத்தில் கிலோமீட்டர் கணக்கு செல்லாது

ஆஃப்ரோடு பைக் என்ற பெயர் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, சாலை இல்லாத இடத்தில் வண்டி ஓட்டும் வித்தை இங்கே வந்துவிட்டது. 1980இல் அறிமுகமான டிவிஎஸ் 50, அதன் வாரிசான எக்ஸ்எல் ஆகியவைதான் இந்தக் கரையின் முதல் மணல் வண்டிகள். பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ, பின்னால் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு தார்ச் சாலையிலிருந்து மணலுக்கு இறங்குகிற ஒரு மீனவரைக் கவனித்துப் பாருங்கள். இறங்கும் இடத்தில் அவர் பிரேக்கைத் தொடமாட்டார். ஆக்சிலேட்டரைச் சற்றே கூட்டுவார். உடம்பு பின்னுக்குப் போகும். கைப்பிடியின் மேல் இருக்கும் பிடி தளரும். வண்டி இடமும் வலமுமாக நெளியும், அவர் அதை நெளிய விட்டுவிடுவார். மணலில் ஓட்டுவதைப் பற்றிய பாடங்களின் சாரம் முழுவதும் அந்தச் சில விநாடிகளில் இருக்கிறது.

இப்போது அதே கரைக்கு வேறு வகை வண்டிகள் வருகின்றன. 2011இல் ஹீரோ நிறுவனத்தின் இம்பல்ஸ், 2016இல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன், 2019இல் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200. இவற்றில் எக்ஸ்பல்ஸ்தான் புதிதாகக் கற்பவருக்கு நெருக்கமானது. எடை சுமார் 160 கிலோ, எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவே 220 மில்லிமீட்டர் இடைவெளி, முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18 அங்குலம், சுமார் 18 குதிரைத்திறன். கீழே விழுந்தால் ஒரு ஆள் தூக்கி நிறுத்திவிடலாம். கால் கிலோமீட்டர் மணலில் தள்ளவும் முடியும். 250 கிலோ எடையுள்ள பெரிய அட்வெஞ்சர் வண்டிகளை வைத்துக்கொண்டு தனுஷ்கோடி மணலில் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் சின்ன வண்டியில் விழுந்து எழுந்து பழகுங்கள்.

இந்தக் கரையில் வண்டிக்கு இரண்டு சோதனைகள். ஓடும்போது மணல், நிற்கும்போது உப்பு. முதலாவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, பழகப் பழகக் கைவந்துவிடுகிறது. இரண்டாவதுதான் வண்டியைத் தின்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் போதிய அளவு பேசுவதில்லை.

முதலில் மணல். தார்ச் சாலையில் உருளும் சக்கரத்தை எதிர்க்கும் விசை, வண்டியின் எடையில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான். உதிரி மணலில் அது எடையின் கால் பங்கு வரை ஏறிவிடும். ஓட்டுநரோடு சேர்த்து 230 கிலோ இருக்கும் வண்டிக்கு, தாரில் அதிகபட்சம் நாலைந்து கிலோ எடை அளவுக்கு இருந்த எதிர்ப்பு, மணலில் 57 கிலோ அளவுக்குப் போகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அதைத் தாண்டி நகர்த்த நாலு குதிரைத்திறனுக்குச் சற்று அதிகம் வேண்டும். எக்ஸ்பல்ஸுக்கு இது பெரிய காரியமில்லை. ஆளோடு சேர்த்து 150 கிலோ வரும் எக்ஸ்எல், 15 கிலோமீட்டர் வேகத்தில் போக இரண்டு குதிரைத்திறன் போதும், அதனிடம் நாலு இருக்கிறது. மீனவரின் எக்ஸ்எல் மணலில் போவதற்கும், அதைவிட நான்கு மடங்கு சக்தி கொண்ட கனத்த வண்டி பக்கத்திலேயே புதைந்து நிற்பதற்கும் காரணம் இந்தக் கணக்குதான். மணலில் எடை குறைவாக இருப்பது சக்தி அதிகமாக இருப்பதைவிடப் பெரிய பலம்.

இதே கணக்கிலிருந்து இன்னொரு விஷயமும் தெரிகிறது. தாரில் ஆக்சிலேட்டரை விட்டால் வண்டியின் வேகம் மெதுவாகக் குறையும். மணலில் எடையின் கால் பங்கு விசை எந்நேரமும் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருப்பதால், ஆக்சிலேட்டரை விட்ட அந்தக் கணமே பிரேக் பிடித்ததுபோல் ஆகும். எடை முன்சக்கரத்துக்குத் தாவும். முன்சக்கரம் மணலுக்குள் இறங்கி, தனக்கு முன்னால் ஒரு மேட்டைக் குவித்துக்கொள்ளும். அந்த மேடு சக்கரத்தை ஒரு பக்கமாகத் திருப்பும், ஆள் விழுவார். பயந்து வேகத்தைக் குறைப்பவர் விழுவதும், துணிந்து கொஞ்சம் கூட்டுபவர் தப்பிப்பதும் இதனால்தான். ஆக்சிலேட்டர் திறந்திருக்கும்வரை எடை பின்சக்கரத்தில் இருக்கும், முன்சக்கரம் மணலின் மேல் மிதந்தபடி போகும். 21 அங்குலச் சக்கரத்தின் பயனும் இதோடு சேர்ந்ததே. ஒரே ஆழத்துக்குப் புதைந்தாலும் பெரிய சக்கரம் அதிக நீளத்துக்கு மணலைத் தொடும், முன்னால் குவியும் மேட்டின் மேல் சிறிய சரிவாக ஏறும்.

எழுந்து நின்று ஓட்டச் சொல்வார்கள். அதற்கு, நின்றால் வண்டியின் ஈர்ப்பு மையம் கீழே இறங்கும் என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. நிற்பவரின் உடம்பு மேலேதான் போகிறது, எனவே மொத்த மையமும் மேலேதான் போகும். உண்மையான காரணம் வேறு. உட்கார்ந்திருந்தால் வண்டியும் ஆளும் ஒரே கட்டை. வண்டி இடப்பக்கம் உதறினால் ஆளும் இடப்பக்கம் போவார். நின்றால் முழங்காலும் இடுப்பும் நடுவில் கீல்களாக வந்துவிடுகின்றன. கீழே வண்டி நெளிந்துகொள்ளட்டும், மேலே உடம்பு நேராகப் போய்க்கொண்டிருக்கும். கால் மிதிகளில் எடையை மாற்றினாலே திருப்பமும் கிடைக்கும். எக்ஸ்எல் ஓட்டும் மீனவர் உட்கார்ந்தே இதைச் செய்கிறார் என்றால், பிடியைத் தளர்த்தி, வண்டி நெளிவதற்கு இடம் கொடுப்பதால்தான்.

டயரில் காற்றைக் குறைப்பது அடுத்த பாடம். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை புதிய சாலை திறக்கப்படும் வரையில், தனுஷ்கோடிக்குப் பயணிகளை ஏற்றிச்சென்ற வேன்களும் ஜீப்புகளும் மணலிலும் தேங்கிய நீரிலும்தான் ஓடின. டயரில் காற்றை இறக்கினால் மணலில் போகலாம் என்பது அந்த ஓட்டுநர்களுக்குப் பால பாடம். இதன் கணக்கு எளிது. டயர் தரையைத் தொடும் பரப்பு, அதன் மேல் இருக்கும் எடையை உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தால் வகுத்தால் வரும் அளவுக்கு அருகில் இருக்கும். பின்சக்கரத்தில் 130 கிலோ என்று வையுங்கள். 28 பிஎஸ்ஐ காற்றில் அது சுமார் 66 சதுர சென்டிமீட்டர். 15 பிஎஸ்ஐக்கு இறக்கினால் 123. ஏறக்குறைய இரட்டிப்பு. அந்தக் கூடுதல் பரப்பு பெரும்பாலும் நீளவாக்கில் வருகிறது, அதனால் முன்னால் குவியும் மணல் குறைகிறது. 15க்குக் கீழே டியூப் டயரில் போகாதீர்கள். ரிம்முக்குள் டயர் வழுக்கிச் சுற்றி, வால்வைப் பிடுங்கிவிடும். தாருக்குத் திரும்பும்போது காற்று நிரப்பியே ஆகவேண்டும். காற்று குறைந்த டயர் வேகத்தில் வளைந்து வளைந்து சூடேறும், திருப்பத்தில் வண்டியைக் கவிழ்க்கும். ஆகவே ஒரு கைப்பம்போ, பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசரோ கூட இருக்கட்டும்.

மணல் எங்கே கெட்டியாக இருக்கும், எங்கே இளகியிருக்கும் என்பதும் இயற்பியல்தான். காய்ந்த மணலில் துகளுக்கும் துகளுக்கும் நடுவே உராய்வு மட்டுமே உண்டு. கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் பாலமாக நின்று, பரப்பு இழுவிசையால் இரண்டையும் ஒட்டிப் பிடிக்கும். நீர் முழுவதும் நிறைந்துவிட்டாலோ அந்தப் பாலங்கள் மறைந்துவிடும். ஈர மணலில் காலை வைத்தால் பாதத்தைச் சுற்றிச் சட்டென்று காய்ந்ததுபோல் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெருக்கமாக அடுக்கப்பட்ட துகள்கள் நகர வேண்டுமானால் ஒன்றின் மேல் ஒன்று ஏறியாக வேண்டும். அப்போது இடைவெளி பெருகி, மேலே இருந்த நீர் உள்ளே போய்விடுகிறது. 1885இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் இதை விளக்கினார். ஈர மணல் கெட்டியாகச் சக்கரத்தைத் தாங்குவதற்கும் இதுவே காரணம். அலை வந்துபோகும் விளிம்பில் ஓட்டினால் சுகமாக இருப்பதும் அதனால்தான். ஆனால் அங்கே ஓட்டக்கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சிக்கிக்கொண்டால்? சக்கரம் சுழன்றும் வண்டி நகரவில்லை என்று தெரிந்த அந்த நொடியிலேயே நிறுத்துங்கள். மேலும் முறுக்கினால் சக்கரம் குழி பறித்துக்கொண்டே போய், எஞ்சின் தரையில் உட்காரும். கிளட்சைப் பாதி பிடித்து முறுக்கினால் பிளேட் கருகும் வாடை வரும், காற்றில் குளிரும் எஞ்சின் கொதிக்கும். எஞ்சினை அணைத்து, வண்டியைப் பக்கவாட்டில் படுக்கப் போடுங்கள். சக்கரம் பறித்த குழியை மணலால் மூடி மிதியுங்கள். காய்ந்த பனைமட்டையோ தென்னைமட்டையோ கிடைத்தால் சக்கரத்துக்கு முன்னால் போடுங்கள், ராமேசுவரத்தில் அது கிடைக்காத இடமில்லை. வண்டியை நிமிர்த்தி, முதல் கியரில், நீங்கள் ஏறாமல் பக்கத்தில் நடந்தபடியே வெளியே கொண்டுவாருங்கள். 70 கிலோ குறைந்தாலே பாதி வேலை முடிந்தது.

கற்றுக்கொள்ள முதல் நாளே கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. இந்த மாவட்டம் கண்மாய்களின் மாவட்டம். கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்ப் பரப்பு, ஊர் அனுமதித்தால், நல்ல பயிற்சிக் களம். தரை கெட்டி, ஆள் நடமாட்டம் குறைவு. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண் மட்டும் மழை பெய்த மறுநாள் ஆகாது. டயரில் அப்பி, மட்கார்டுக்குள் நிறைந்து, சக்கரத்தையே பூட்டிவிடும். ஆஃப்ரோடு வண்டிகளில் முன் மட்கார்டு டயரை ஒட்டாமல் உயரத்தில் நிற்பதன் பொருள் அப்போது விளங்கும்.

இன்னொரு எதிரி சீமைக் கருவேலம். மாவட்டத்தில் எந்த மண் தடத்தில் இறங்கினாலும் அதன் முள் கிடக்கும். காற்று குறைத்த டயர் அதிகப் பரப்பில் தரையைத் தொடுவதால் முள்ளையும் அதிகமாகச் சந்திக்கும். ராமேசுவரம் தீவில் பவளக்கல் துண்டுகளும் உண்டு. காற்று குறைந்த டயர் அவற்றின் மேல் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழியும். டக்கார் பந்தயத்தில் ஓடுபவர்கள் டியூபுக்குப் பதிலாக டயர் முழுக்க நுரை ரப்பரை அடைத்துக்கொள்கிறார்கள்.  நமக்கு அந்த நுரை கட்டுப்படியாகாது. ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், இவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த கை ஆகியவை போதும். அந்தக் கைப்பழக்கத்தை வீட்டு வாசலில் நிழலில் வைத்தே பழகிவிடுங்கள்.

இனி, எங்கே ஓட்டக்கூடாது என்ற விஷயம். முதலாவது மணல்மேடு. கடல் மட்டத்திலிருந்து கொஞ்சமே உயர்ந்த, இரு பக்கமும் உப்புக் கடல் சூழ்ந்த தனுஷ்கோடி மணல் திட்டில் கையால் பறித்த பள்ளத்தில் குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்குதான் கனம். அந்தச் சிறு வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்ட விதி இது. அந்த ஒரு மீட்டரைத் தாங்குவது மணல்மேடு. மணல்மேட்டைத் தாங்குவது அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும். டயர் ஏறினால் அந்தக் கொடியும் புல்லும் வேரோடு பிய்ந்து வரும், பிறகு தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மேட்டைக் கரைத்துவிடும். தனுஷ்கோடி ஊரை அழித்த 1964 டிசம்பர் புயலுக்குப் பின்னும் அந்தத் திட்டில் குடியிருந்து கடலுக்குப் போய்வரும் குடும்பங்களின் குடிநீர் அது. மணல்மேட்டின் மேல் தாவிக் குதித்துப் படம் எடுக்கும் ஒவ்வொருவரும் அவர்களுடைய கிணற்றின் மேல் ஏறி இறங்குகிறார்கள்.

அலை விளிம்பை விலக்கச் சொன்னதற்குக் காரணம் ஆமைகள். தை, மாசி, பங்குனி மாதங்களில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகங்களில் பாதுகாக்கிறது, கண்ணுக்குத் தப்பிய கூடுகளும் இருக்கும். டயர் கூட்டை நசுக்கும் ஆபத்து ஒரு பக்கம். பொரித்து வரும் குஞ்சுக்கு டயர் தடம் தாண்ட முடியாத பள்ளம் என்பது இன்னொன்று. கடலுக்குப் போக வேண்டிய குஞ்சு தடத்துக்குள் விழுந்து, கரையை ஒட்டியே நடந்து நடந்து ஓய்ந்து, காக்கைக்கு இரையாகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தனுஷ்கோடிப் பகுதி 2025 ஜூனில் பெரும் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சாலையிலும் மீனவர்கள் வழக்கமாகப் போகும் தடங்களிலும் ஓட்டுங்கள். மற்ற இடங்களுக்கு வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போகலாம். பக்க ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்தால் மணலில் புதையாது.

இப்போது உப்புக்கு வருவோம். வண்டி கடல்நீரைத் தொடவே வேண்டியதில்லை. அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழ்கள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் திவலைகளைக் காற்றில் எறிகின்றன. மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் இங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஆண்கடலில் அலை அதிகம், ஆகவே அங்கிருந்து காற்று வீசும் மாதங்களில் உப்பும் அதிகம். அந்தத் திவலை வண்டியின் மேல் விழுந்து காய்ந்தால் ஆபத்து முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். முடிவதில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். இந்தக் கரையில் அது அநேகமாக ஒவ்வொரு இரவும் நடக்கும். கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீத ஈரப்பதமே போதும், அதாவது பகலிலும் அது ஓய்வதில்லை. நிறுத்தி வைத்த வண்டியின் மேல் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் எந்நேரமும் இருக்கிறது என்று பொருள்.

பாம்பனும் மண்டபமும் இரும்பு அரிப்புக்கு உலகப் பெயர் பெற்றவை. அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரைக்கு அடுத்தபடியாக இரும்பை அதிகம் அரிக்கும் இடம் என்றே பாம்பனைச் சொல்வது வழக்கம். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்துக் காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் முகாமில் ஓர் அரிப்புச் சோதனை நிலையம் வைத்து, உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் காயவைத்து ஆராய்ந்தது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், விடாமல் சுரண்டிப் பெயிண்ட் அடித்த கைகளால்தான் 2022 வரை ரயிலைத் தாங்கியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனி வகைப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கே அந்தக் கவனம் தேவைப்படும் காற்றில்தான் நம் வண்டி திண்ணையோரம் நிற்கிறது.

உப்பு எங்கே முதலில் கைவைக்கும்? இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில். அலுமினிய எஞ்சின் உடலில் இரும்பு போல்ட். நடுவே உப்புநீர். அது ஒரு மின்கலம். இரண்டில் எளிதாக எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோகம் கரையும், இங்கே அது அலுமினியம். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் மரை கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். துருப்பிடித்த போல்ட்டுக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். போல்ட் பளபளவென்று இருக்கும், ஆனால் அலுமினியத்தோடு அதற்கு உள்ள மின்னழுத்த வேறுபாடு இன்னும் அதிகம், மரை இன்னும் வேகமாகக் கரையும். துத்தநாகம் பூசிய சாதாரண போல்ட்டில் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் காப்பாற்றுகிறது. எந்த போல்ட்டாக இருந்தாலும் கழற்றி, மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். உள்ளே நீர் புகாவிட்டால் மின்கலம் இல்லை. புது வண்டி வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிட்டால், மூன்று வருடம் கழித்து உளியும் சுத்தியலும் எடுக்க வேண்டியிராது. ஸ்போக்ஸ் கம்பிகளின் நிப்பிள்கள், பேட்டரி முனை, வயரிங் இணைப்புகள், பிரேக் காலிப்பரின் பின்கள் எல்லாம் இதே வரிசையில் கவனிக்க வேண்டியவை. பேட்டரி முனைக்கு வாஸ்லின் போதும்.

முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் ஊசிமுனை அளவு துருப்புள்ளி விழுந்தால், ஷாக் ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் அது ஆயில் சீலை அறுக்கும். எண்ணெய் கசியும், கசிந்த எண்ணெயில் மணல் ஒட்டும், மணல் மீதிச் சீலையும் அறுக்கும். ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் அந்தக் குழாயைத் துடைப்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

மணலும் உப்பும் கைகோக்கும் இடம் செயின். கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் அளவுகோலில் அது ஏழு. செயின் எஃகைக் கீற அது போதும். கெட்டி கிரீஸை அப்பினால் மணல் அதில் ஒட்டி, செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே சாணைக்கல் வைத்ததுபோல் ஆகிவிடும். மெக்கானிக் கடையில் சும்மா கிடைக்கும் கழிவு எண்ணெயும் வேண்டாம், அதில் ஏற்கெனவே உலோகத் துகள் இருக்கிறது. மண்ணெண்ணெயில் துடைத்து, கியர் ஆயிலை மெல்லியதாகவோ உலர்ந்து மெழுகாகப் படியும் செயின் ஸ்பிரேயாகவோ விட்டு, மிச்சத்தைத் துணியால் வழித்து எடுத்துவிடுங்கள். செயின் உலர்ந்து தெரிந்தாலும் பரவாயில்லை, எண்ணெய் இருக்க வேண்டியது உள்ளே உருளைகளில்தான்.

ஏர் ஃபில்டருக்கும் கண்டிப்பு வேண்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. வேகமாகப் போகும் முன்வண்டி கிளப்பும் புழுதியில் அதற்குள் நுழையும் துகள்கள் ஏராளம். ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்காராமல் ஒரு கீற்று இடைவெளி விட்டாலும் சிலிண்டர் கீறல் விழுந்து, சைலன்சரில் நீலப்புகை வரும். கூட்டமாகப் போகும்போது முன்வண்டியின் புழுதிக்குள்ளேயே ஓட்டாமல் இடைவெளி விடுவது எஞ்சினுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

கழுவுவதுதான் மருந்து. குளோரைடு நீரில் எளிதில் கரையும், காயவிடாமல் அன்று மாலையே கழுவினால் பெரும்பகுதி போய்விடும். ஆனால் எந்தத் தண்ணீரில்? இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பு, நல்ல தண்ணீர் குடம் கணக்கில் விலைக்கு வருகிறது. வண்டி கழுவ நல்ல தண்ணீரைக் கொட்டச் சொல்ல எனக்கு மனம் வராது, கொட்டவும் தேவையில்லை. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. ஓரளவு உவர்ப்பான போர்த் தண்ணீரில் மூன்று கிராம் இருந்தாலும் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே மணலையும் கெட்டி உப்பையும் போர்த் தண்ணீரிலேயே அலசுங்கள். கடைசியில் அரை வாளி நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து எல்லா இடத்தையும் துடையுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பை அச்சு பேரிங்கிலும் வயரிங்கிலும் நேராக அடிக்க விடாதீர்கள், அது உப்பை உள்ளே தள்ளும். கழுவியபின் டீசல் அடிக்கும் பழைய வழக்கமும் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும், மணலை ஒட்டவைக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து. கழுவியதும் ஒரு சுற்று ஓட்டி, செயினையும் பிரேக்கையும் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். மூடி வைப்பதானால் காற்றுப் புகும் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும்.

சர்வீஸைக் கிலோமீட்டர் கணக்கில் பார்ப்பதுதான் பலரின் வழக்கம். உள்நாட்டு ஊர்களுக்கு அது சரி. இங்கே மாதத்துக்கு நூறு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி, தினமும் ஓடும் மதுரை வண்டியைவிட வேகமாகக் கெடுகிறது. செயினை வாரம் ஒரு முறை, போல்ட்டுகளையும் இணைப்புகளையும் மாதம் ஒரு முறை, பிரேக் பின்களையும் பேரிங்குகளையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது என்று காலண்டரை வைத்துக் கணக்கிடுவதே இந்தக் கரைக்குப் பொருந்தும்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை கொண்ட இந்த மாநிலத்தில்தான் ஓசூரிலும் ஒரகடத்திலும் லட்சக்கணக்கில் இருசக்கர வண்டிகள் உருவாகின்றன. அவற்றின் கையேட்டில் கடலோரப் பயன்பாட்டுக்கென்று தமிழில் ஒரு பக்கம் சேர்த்து, அதில் இந்தக் காற்றுக்கு ஏற்ற சர்வீஸ் காலத்தை நாள் கணக்கில் குறிப்பிடும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கம் ஹிமாலயன் வாங்கும் இளைஞரைவிட எக்ஸ்எல்லில் மீன் ஏற்றும் குடும்பத்துக்குத்தான் அதிகம் தேவை. அதை அச்சிட நிறுவனத்துக்கு ஆகும் செலவு ஒரு தாள்.